குடிசைக் கணக்கில் போன வீடுகள்

பழங்கட்டடப் பாதுகாப்பு என்று தமிழ்நாட்டில் பேச்செடுத்தால் அது நேராகச் சென்னை அண்ணா சாலையில் போய் நிற்கும். 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றதோடு, மரபுக் கட்டடங்களைக் கவனிக்க ஒரு குழுவும் வேண்டும் என்றது. அந்த வழக்கில் எல்லாம் தெளிவு. கட்டடம் எது, சொந்தக்காரர் யார், இடித்தால் யாருக்கு லாபம் என்பதில் குழப்பமே இல்லை. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டுத் தேக்குத் தூண்களாகவும் நிலைக்கதவுகளாகவும் கடைக்கு வரும்போதும் அப்படித்தான். புதுச்சேரியில் 2014 நவம்பர் மழையில் பழைய நகரமன்றமான மேரி கட்டடம் சரிந்தபோதும், என்ன போயிற்று என்று ஊருக்கே தெரிந்தது.

ஜவ்வாது மலைக்கு இந்தச் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பொருந்தாது. அங்கே அடுக்குமாடி கட்ட வரும் நிறுவனம் இல்லை. இடிப்பதற்கு மாளிகையும் இல்லை. ஆனாலும் அந்த மலையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் மறைந்துபோன பழைய கட்டடங்களின் எண்ணிக்கை, சென்னை மொத்தத்தில் இழந்ததைவிடக் குறைவாக இருக்காது என்பது என் ஊகம். அவற்றில் பெரும்பாலானவை இடிபட்டது அரசாங்கத்தின் நல்ல திட்டங்களால். அதுவும் வீட்டுக்காரரின் முழுச் சம்மதத்தோடு. அதனால்தான் இந்தக் கேள்வி அங்கே சிக்கலாகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு ஜவ்வாது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு 32 கிலோமீட்டர் விரிந்த மலைத்தொகுதி. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. திருப்பத்தூர் 2019-ல் தனி மாவட்டமான பிறகு மலை மூன்று கலெக்டர்களுக்குப் பங்காகிவிட்டது. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடு, காவலூர்ப் பக்கம் திருப்பத்தூருக்கு, பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கம் வேலூருக்கு. மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை முக்கியப் பயிர். புளி, கடுக்காய், தேன், பலா ஆகியவை காடும் கொல்லையும் தருபவை.

இந்த மலையில் பாதுகாக்க வேண்டிய பழையது என்று எதையெல்லாம் சொல்லலாம்? முதலில் கல். கீழ்செப்பிலியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல், முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. ஊரார் அவற்றை வாலியர் வீடு என்பார்கள். குள்ளமான, ஆனால் மகா பலசாலியான ஓர் இனம் குடியிருந்த வீடுகளாம். ஆய்வாளர்கள் இவற்றை ஈமச்சின்னங்கள் என்கிறார்கள். கிருஷ்ணகிரி அருகே மல்லசந்திரம் குன்றிலும் இதே வகைத் திட்டைகள் உண்டு; இந்த வடபகுதி முழுக்க அவை பரவிக் கிடக்கின்றன.

அடுத்தது நடுகல். மலையின் தென்மேற்கு அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை எழுபதுகளின் தொடக்கத்தில் தொகுத்து வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துகளோடு, ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நட்ட கற்கள். தமிழ் எழுத்து வரலாற்றையே அந்தக் கற்கள் கொஞ்சம் நகர்த்தி வைத்தன. மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊரும் இந்தச் செங்கம்தான் என்பதை நினைத்தால், இந்த மலைக்கு எழுத்து வடிவிலேயே இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருப்பது புரியும். மலை மேலும் புதிது புதிதாக நடுகற்கள் அகப்படுகின்றன. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியின் ஆய்வாளர்களும் திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவமும் தொடர்ந்து கண்டுசொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு கோயில்கள். கோவிலூர் சிவன் கோயிலில் 2025 நவம்பரில் திருப்பணி நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்து, மலையில் அவ்வளவாகப் பேசப்படாத ஓர் ஊர் இரண்டு நாள் செய்தியானது. கிழக்கு அடிவாரத்தில் படவேடு, சம்புவராயர்களின் தலைநகரம். அங்கே இடிந்து கிடந்த கோயில்கள் சிலவற்றை டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் அறக்கட்டளை எடுத்துச் சீர்செய்தது. தனியார் பணம் இப்படி நன்றாகப் பயன்பட்ட இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

இவையெல்லாம் யாரும் மறுக்காத பழமை. இவற்றுக்கு அப்பால், நான் முதலிடம் கொடுக்க நினைப்பது மண்சுவரும் புல்கூரையுமாக நிற்கும் மலைவீடு. அதை மரபுக் கட்டடம் என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். இருநூறு ஆண்டு நின்ற ஒரு மலைவீட்டையும் யாரும் காட்ட முடியாது என்பது உண்மைதான். கூரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறும், சுவர் ஒரு தலைமுறையில் மறுபடி எழும். ஆனால் கட்டும் முறை மாறாமல் வந்திருக்கிறது. உயர்த்திய மண்தளம், மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி இரு பக்கமும் மண் அப்பிய சுவர், அல்லது கனத்த மண்சுவர், நெற்றி இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கும் கூரை, உள்ளே ஒரே அறை, அடுப்புக்கு மேலே பரண். அடுப்புப் புகை பரணில் இருக்கும் தானியத்தைப் பூச்சியிடமிருந்தும் கூரைப்புல்லை உளுத்துப்போகாமலும் காக்கும். சாமையைக் கொட்டிவைக்க மூங்கிலால் பின்னிச் சாணி மெழுகிய தொம்பை. குளிர்காலத்தில் மலை ஊர்களில் விடியற்காலம் நடுக்கும். அந்தச் சுவருக்குள் நடுக்காது. இன்டாக் 2004-ல் வெளியிட்ட பாதுகாப்புச் சாசனம், சட்டப் பட்டியலில் ஏறாத கட்டடங்களையும் அவற்றைக் கட்டும் கைகளின் அறிவையும் மரபாகவே எண்ண வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலில் மலைவீடு முன்வரிசையில் வரும்.

அரசாங்கத்தின் அளவுகோல் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளைப் பக்கா, கச்சா என்று பிரிக்கிறது. சுவர் மண்ணா, கூரை புல்லா? அப்படியென்றால் கச்சா. சுவர் எத்தனை அங்குலம், எவ்வளவு நாள் நின்றது, உள்ளே வெயில் எப்படி, குளிர் எப்படி என்று கேட்கும் கட்டமே படிவத்தில் இல்லை. 2011-ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு இதே பிரிவை வறுமையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் அதன்மேல் நிற்கிறது. 25 சதுர மீட்டர் வீடு, சமவெளியில் ரூ.1.20 லட்சம், மலைப்பகுதியில் ரூ.1.30 லட்சம், தமிழ்நாட்டில் மாநில அரசு அதற்குமேல் கொடுப்பது தனி. அதற்கு முன் 1985-ல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம். 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் இலக்கோடு கலைஞர் வீட்டு வசதித் திட்டம். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் 300 சதுர அடிப் பசுமை வீடு, சூரிய விளக்கோடு. இப்போது 2024 முதல் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது குறி. எட்டு லட்சம் வீடு, ஒவ்வொன்றும் ரூ.3.50 லட்சம். 360 சதுர அடியில் 300 அடிக்குக் கான்கிரீட் தளம் போட்டே ஆக வேண்டும். செங்கல், சிமென்ட் பிளாக், இன்டர்லாக் செங்கல் எதில் வேண்டுமானாலும் சுவர் எழுப்பலாம். மண்சுவர் மட்டும் கூடாது.

ஒரு விதிமுறையைப் படித்து இவ்வளவு யோசித்தது எனக்கு அபூர்வம். மண்ணைத் தவிர எதுவும் சரி என்று எழுதியவருக்கு மண்மேல் பகை ஒன்றும் இருந்திருக்காது. ஒப்பந்தக்காரர் சிமென்ட்டை மிச்சம் பிடித்துச் சேற்றில் கல் வைத்துவிடுவார் என்ற அனுபவம் இருந்திருக்கும். சமவெளிக் கிராமங்களில் அந்தப் பயம் நியாயமும்கூட. மலையில் அதே வரி, தலைமுறை தலைமுறையாக மண்சுவர் வைத்துப் பழகியவரைத் தன் வீட்டுக்கே சித்தாளாக்கிவிடுகிறது. பயனாளியின் பெயரில் வரும் பணம் கடக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக பில் ஆகி வரும். அந்த மட்டங்களை அடைய அடிவாரத்திலிருந்து கம்பியும் ஜல்லியும் ஏற வேண்டும், கொத்தனாரும் ஏற வேண்டும். வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைக்கிராமத்தில் 2023-ல் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்திக் காட்டுப்பாதையில் நடந்ததை நாடே பார்த்தது. சாலை இல்லாத அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு மூட்டை சிமென்ட் போய்ச் சேரும் கூலி என்ன ஆகும் என்று மதிப்பீட்டில் எழுதியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. காலடியில் கிடக்கும் மண்ணுக்கு அந்தக் கூலி கிடையாது.

ஆனால் இங்கே ஒரு நிதானம் வேண்டும். மண்வீட்டைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளைப் பெரும்பாலும் தளம் போட்ட வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறோம். கூரைவீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவது வேறு. கூரைக்குள் பாம்பு இறங்கும், தேள் விழும். பெருமழையில் விடிய விடியப் பாத்திரம் மாற்றி வைக்க வேண்டும். ஒரு பொறி போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கூரை என்பதே ஒழிந்தது, ஒழிந்ததும் சரிதான். அதற்கும் முன்னால் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசையில் அடைபட்டு எரிந்தார்கள். இவ்வளவும் நடந்த மண்ணில், கான்கிரீட் தளம் என்பது மானத்தின் கணக்கிலும் வரும். மலையாளிக் குடும்பத்துப் பிள்ளை அடிவாரப் பள்ளியில் சேர்ந்து, உன் வீடு என்ன வீடு என்று சகமாணவன் கேட்டால், தளம் போட்ட வீடு என்று சொல்ல ஆசைப்படுவதில் தவறு காண நாம் யார்?

ஆகவே அந்த வீடுகளைக் காப்பது என்றால் மக்களை அவற்றுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது என்று பொருள் கொள்ளவே கூடாது. எகிப்தில் குடியிருப்பவரைக் கேட்காமல் முடிவெடுத்துப் பார்த்தார்கள், வேறு விதமாக. லக்சருக்கு எதிர்க்கரையில் பழைய கல்லறைகளுக்கு மேலேயே குர்னா மக்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். கல்லறைகளைக் காப்பாற்ற அவர்களைப் பெயர்த்து, 1940-களின் நடுவில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞர் பச்சைச் செங்கல்லில் அழகான புது ஊர் ஒன்றைக் கட்டினார். அவர் நூல் உலகப் புகழ் பெற்றது. மக்கள் போகவில்லை. கல்லறைகளோடு பிணைந்திருந்தது அவர்கள் பிழைப்பு. அதைக் கேட்காமல் எழுந்த ஊர் பாதியில் நின்றது. பழைய குர்னாவை இந்த நூற்றாண்டில் அரசு இயந்திரம் வைத்து அகற்றியது. ஃபாத்தியின் புது ஊரே இப்போது பாதுகாக்கப்பட வேண்டிய மரபுச் சின்னமாகிச் சிதைந்துகொண்டிருப்பது இந்தக் கதையின் உபரி. நல்ல மண்கட்டடம், நல்ல நோக்கம் இரண்டும் இருந்தும், குடியிருப்பவர் தேர்ந்தெடுக்காத வீடு நிலைக்கவில்லை.

பக்கத்திலேயே நீலகிரி இருக்கிறது. தோடர்களின் அரைவட்டக் கூரை வீடு அஞ்சல்தலைக்கும் சுற்றுலாப் பலகைக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் இருப்பது ஓட்டு வீட்டிலும் தளவீட்டிலும். பழைய வடிவம் முக்கியமாகக் கோயில்களில் தங்கியிருக்கிறது. வடிவம் அழியாமல் கோயிலில் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதை வேயும் சடங்கும் அதற்கான புல்லும் பிரம்பும் சமூகத்தின் கையில் இருப்பது. மக்கள் வாழ்க்கையை மாற்றிக்கொண்டும் கைவேலையை விடாமல் வைத்திருக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே இது சாட்சி.

ஜவ்வாதில் அந்தக் கைவேலை ஏன் தேய்கிறது? மோகம் மட்டும் காரணமென்றால் இத்தனை வேகம் இருக்காது. கூரைக்குப் புல் வேண்டும், கைமரத்துக்கு மரம் வேண்டும், பிளாச்சுக்கு மூங்கில் வேண்டும். மூன்றும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. காப்புக்காட்டுக்கு 1882-ன் சென்னை வனச் சட்டம் காலத்திலிருந்தே காவல். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை என்பதால் இங்கே அந்தக் காவல் கூடுதல். கொல்லைக்குப் பக்கத்துப் புல்வெளியை உண்ணிச்செடி தின்றுவிட்டது. கூரை வேய்வதற்கு ஊரே திரண்டு வந்த காலத்தில் ஒரு நாள் வேலை. இப்போது இளைஞர்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போன பிறகு, ஊரில் கைக்கு ஆளில்லை. காட்டுக்குள் புல் அறுக்கப் பயந்து, வேய்வதற்கு ஆளும் இல்லாத ஒரு வீட்டுக்காரர் பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று தளவீடு கேட்கிறார் என்றால், அதை மண்வீட்டின் தோல்வி என்று எழுதுவது பாதி உண்மை.

நிலத்தின் கதையும் இதிலேயே பின்னியிருக்கிறது. எந்த வீட்டுத் திட்டத்துக்கும் பட்டா வேண்டும். மலையில் பல குடும்பங்கள் காலங்காலமாக உழும் நிலம் ஆவணத்தில் வனம். 2006-ன் வன உரிமைச் சட்டம் இதைத் தீர்க்க வந்தது. தமிழ்நாட்டிலோ 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால ஆணையால் பட்டா கொடுப்பது முடங்கி, 2016-ல்தான் அந்தத் தடை விலகியது. எட்டு ஆண்டு போயிற்று. இன்னொன்று: அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் பழங்குடி கிராமசபைக்கு இருக்கும் பிடி இங்கே இல்லை. பட்டா கிடைத்த நிலம் கைமாறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போக வேண்டாம். ஏலகிரி பக்கத்து மலை. விடுதியும் பண்ணைவீடும் அடுக்கிய அந்த மலையில் மலையாளிகள் பலர் தங்கள் பழைய நிலத்துக்கு எதிரே தோட்டக்காரராகவும் காவலாளியாகவும் நிற்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் ஆண்டுதோறும் கோடை விழா நடக்கிறது, சாலைகள் அகலமாகின்றன, மனைத் தரகர்கள் வந்துவிட்டார்கள். ஜவ்வாதில் புதுக் குடியிருப்பின் உண்மையான நெருக்கடி இனிமேல் இந்த வழியில் வரும். இதுவரை மாறியது தேவைக்காகக் கட்டிய 300 அடி வீட்டால். வரப்போவது வார இறுதிக்காகக் கட்டும் மூவாயிரம் அடி வீடு.

கல்திட்டைக்கும் நடுகல்லுக்கும் வருவோம். இதில் எனக்குக் குழப்பம் குறைவு. மத்தியத் தொல்லியல் சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. 2010-ல் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி என்று ஆக்கினார்கள். நாடு முழுக்க அந்தப் பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 3,700 மட்டும். மாநிலத்துக்கு 1966-ன் சட்டம் தனி. அதன் பட்டியல் இன்னும் சிறிது. பட்டியலில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மாமல்லபுரத்தார் சொல்வார்கள்: மாடிப்படிக்கு அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைவது. பட்டியலில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மலைகளில் பார்க்கலாம். புதையல் இருக்கும் என்று நம்பி மூடுகல்லைப் புரட்டுவார்கள். பலகைக்கல் கால்வாய்க்குப் பாலமாகும். நடுகல் துணி துவைக்கும் கல்லாகும். வீட்டுத் திட்டப் பணம் வந்து கடக்கால் வெட்டும்போது, பக்கத்தில் தயாராகக் கிடக்கும் சதுரக்கல் எல்லோர் கண்ணையும் ஈர்க்கும். அதைப் பேராசை என்று சொல்ல மனம் வரவில்லை.

நூறு மீட்டர் தடையை ஜவ்வாதுக்கும் நீட்டு என்று கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. நான் அதை ஆதரிக்கவில்லை. கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் மலையில், ஒவ்வொன்றையும் சுற்றி நூறு மீட்டர் வட்டம் வரைந்தால் சில குக்கிராமங்கள் முழுதாகத் தடைக்குள் விழும். அந்த ஊரில் ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆகித் தனிவீடு வேண்டுமென்றால், கல்திட்டை அவனுக்கு எதிரியாகிவிடும். எதிரியான கல் ஓர் இரவில் காணாமல் போகும். யார் எடுத்தது என்று ஊர் சொல்லாது. இங்கே பலன் தரக்கூடியது மிகச் சின்ன நடவடிக்கை. வீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு மனைக்கும் செயற்கைக்கோள் வழி அமைவிடப் புள்ளி குறித்துப் படம் எடுக்கிறார்கள். திட்டப் பணம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறது. அதே கைப்பேசியில், அதே நாளில், பக்கத்தில் நிற்கும் கல்லையும் குறித்தால் போதும். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே வரைபடம். கல் நிற்கும் பத்தடியை விட்டு மனையைத் தள்ளிக்கொடுக்க வட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது, செலவும் இல்லை. வாலியர் வீட்டைத் தெய்வ இடமாக நினைத்துக் கைவைக்காத ஊர்களில் அது ஏற்கெனவே நடக்கிறது.

மாநிலத்தில் மரபுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் அது தாளில் தூங்கியதைப் பார்த்தால், சென்னைக் கட்டடங்களுக்கே தாமதமாக வரும் வண்டி மலைக்கு எப்போது ஏறும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கோயில்களில் ஆபத்து வேறு வகை. குடியிருப்பு நெருக்கடியால் அவை இடிவதில்லை. வசதி வந்ததால் மாறுகின்றன. ஊரில் தளவீடுகள் எழுந்ததும், சாமி மட்டும் ஏன் பழைய கல்லுக்குள் இருக்க வேண்டும் என்று டைல்ஸ், கிரானைட், எனாமல் பெயின்ட். கோவிலூரில் கிடைத்த காசுகள் ஒன்றைக் காட்டின. மலைக்கோயிலின் தரைக்குக் கீழேயும் வரலாறு இருக்கிறது. மண்வெட்டி இறங்கும்போது பக்கத்தில் தொல்லியல் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். காசு மின்னியதால் கண்ணில் பட்டது. அதே மண்ணில் கிடந்திருக்கக்கூடிய பானை ஓடும் கல்வெட்டுத் துண்டும் எந்தக் குப்பையோடு போனதோ.

பழையது என்றால் ஆயிரம் ஆண்டு வேண்டும் என்பதும் இல்லை. காவலூரில் வேணு பாப்பு 1960-களின் இறுதியில் இடம் தேர்ந்து எழுப்பிய வான்நோக்ககமும் இந்த மலையின் மரபுக் கட்டடம்தான். ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வேலைக்கு வந்தது. 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டென்று உலகம் அறிந்தபோது அதைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதை இந்தியாவிலேயே செய்தார்கள். இந்தக் கட்டடத்தைக் காக்க வேலி போதாது, இருட்டு வேண்டும். விடுதிகளின் மேல்நோக்கிய விளக்குகளும் அடிவாரத்து வாணியம்பாடி, திருப்பத்தூர் ஊர்களின் வெளிச்சமும் வானத்தை வெளுக்கவைக்கின்றன. காவலூரை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனமே நடத்தும் லடாக்கின் ஹன்லே வான்நோக்ககப் பகுதியில், 2022-ல் சுற்றுவட்டாரத்தையே இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஊராருக்கு விளக்குக்கு மூடி கொடுத்து, வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து வானம் காட்டும் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். காவலூருக்கு அந்த அளவுக்கு இருட்டு இப்போது மிச்சமில்லை. ஆனாலும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வரும் ஒவ்வொரு விடுதி அனுமதியிலும் விளக்கைக் கீழ்நோக்கி வை என்று ஒரு வரி சேர்க்க யாருடைய ஒப்புதலும் பெரிதாகத் தேவையில்லை.

மறுபடி மண்வீடு. ஜப்பானின் ஷிரகவா கிராமத்தில் செங்குத்தான புல்கூரை வீடுகள் இன்றும் நிற்கின்றன. 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அங்கே கூரை மாற்ற முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்கக் கைகொடுக்கும் வழக்கம் உண்டு, அரசும் மானியம் தருகிறது. நாம் அதைப் பின்பற்றலாம் என்று சொல்லத் துணியவில்லை. அந்த ஊரின் வருமானம் சுற்றுலா, நம் மலையின் வருமானம் சாமை. நமக்குப் பொருந்துவது பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண்கட்டிகளில் மாடிவீடும் வளைவுக்கூரையும் கட்டிக்காட்டி, உலகெங்கும் ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. ஜவ்வாதிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அந்தக் கல்வி கிடைக்கிறது. கேரளத்தில் எண்பதுகளிலேயே நிர்மிதி கேந்திரங்கள் மலிவான கட்டுமான முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தன; லாரி பேக்கர் வழிகாட்டிய வீடுகள் இன்றும் மழை தாங்கி நிற்கின்றன. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, வட்டாரப் பொருள்களில் வீடு கட்டும் வகைகளைத் தொகுத்து ‘பஹல்’ என்றொரு கையேடு போட்டது. ஆனால் கையேட்டுக்கும் கனவு இல்லத்தின் மண்சுவர்த் தடைக்கும் நடுவே மலைவீட்டுக்காரர் சிக்கிக்கொண்டு நிற்கிறார்.

மாற வேண்டியது அந்த ஒற்றை விதி. மலைப்பகுதிகளில், சோதித்துச் சான்று பெற்ற மண்கட்டிச் சுவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். மேலே கான்கிரீட் தளமோ ஓடோ அவரவர் விருப்பம். 300 அடியில் தொம்பைக்கும் பரணுக்கும் இடமில்லை என்பதால், பழைய வீட்டை இடிக்காமல் பின்கட்டாக, தானியக் கொட்டடியாக, சமையற்கட்டாக வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு அதைச் சீர்செய்ய ஒரு சிறு தொகை. பல ஊர்களில் புதுவீட்டுக்குப் பின்னால் பழைய வீடு நின்றுகொண்டுதான் இருக்கிறது. குளிரில் வயசானவர்கள் படுக்க அங்கேதான் போகிறார்கள். அதை முறைப்படுத்துவது புதிய சலுகை ஆகாது. பழங்குடிக் குடியிருப்புகளுக்காக 2024-25-ல் மாநிலம் நான்கு ஆண்டுக்கு ரூ.1,000 கோடியில் அறிவித்த ‘தொல்குடி’ திட்டத்தில் இதற்கு வழி காண்பது கடினமல்ல. மண்சுவர் வைக்கத் தெரிந்தவருக்கு ஒப்பந்தக் கொத்தனாருக்கு நிகரான கூலி என்று ஒரு விலை அட்டவணை போட்டால், அந்தத் தொழிலுக்கு இளைஞன் திரும்புவான்; அறிவுரைக்குத் திரும்ப மாட்டான்.

கூரைப் பொருளுக்கான கதவு வன உரிமைச் சட்டத்திலேயே திறந்திருக்கிறது. சிறுவனப்பொருள் என்ற வரையறைக்குள் மூங்கிலும் பிரம்பும் புல்பூண்டும் வருகின்றன. ஜவ்வாதில் கிராமசபைகள் சமூக வன உரிமைக்கு மனு எழுதும்போது தேன், புளி, கடுக்காய், நெல்லி என்று விற்றுக் காசாகும் பொருள்களை எழுதுவது வழக்கம். அடுத்த மனுவில் கூரைப்புல், பிளாச்சு மூங்கில், வீட்டுமண் எடுக்கும் இடம் மூன்றையும் எல்லையோடு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டுப் பெற்ற பிறகும் ஒரு குடும்பம் தளவீடுதான் வேண்டும் என்றால், அது அவர்கள் விருப்பம். இன்றைக்கு அந்த விருப்பத்தைச் சொல்வதற்கு முன்பே விதியும் வனக்காவலும் பதிலை எழுதி வைத்துவிடுகின்றன.